புளியமரச் சாலையும் நான்குவழிச் சாலையும்

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஒரு காலத்தில் அது இருபுறமும் புளியமரங்கள் கவிந்த இருவழித் தடம். மரங்களின் அடிப்பகுதியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். இருட்டில் சாலையின் ஓரம் எது என்று ஓட்டுநருக்குக் காட்டியது அந்த வெள்ளைதான். இரவு பஸ் ஏறினால் விடியும்போதுதான் திருச்சி.

அந்தச் சாலையும் ஆளைக் கொன்றது. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிர்வரும் வண்டிகளின் பாதைக்குள் நுழைந்தாக வேண்டும். வளைவில் அவசரப்பட்டவர்கள் நேருக்கு நேர் மோதினார்கள். தூங்கிப் போனவர்கள் மரத்தில் மோதினார்கள். ஆனால் ஆபத்து கண்ணெதிரே தெரிந்ததால், ஓட்டுநர்களிடையே ஓர் ஒழுங்கு இருந்தது. எதிரே வெளிச்சம் தெரிந்ததும் இருவரும் டிம் அடிப்பார்கள். கண் கூசாமலிருக்க முகப்பு விளக்கின் மேற்பாதியில் கறுப்புப் பூசியிருக்கும். பின்னால் வருபவருக்கு வழி சரியாக இருந்தால், லாரி ஓட்டுநர் கையை வெளியே நீட்டி ‘போ’ என்று அசைப்பார். கிளீனர் பையன் பலகையைத் தட்டி, ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுப்பான். வண்டிகளும் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரைத் தாண்டத் திணறின.

இன்று அதே வழி நடுவில் தடுப்போடு நான்குவழிச் சாலையாகிவிட்டது. நேருக்கு நேர் மோதும் அச்சம் பெருமளவு குறைந்தது. கார்கள் நூறைச் சாதாரணமாகத் தொடுகின்றன. அந்த வேகத்திற்கு ஏற்ற பழக்கம் மட்டும் நமக்கு இன்னும் வரவில்லை.

நாற்பத்தைந்தில் போகும் வண்டி ஒரு நொடியில் பன்னிரண்டரை மீட்டர் கடக்கும். தொண்ணூறில் போவது 25 மீட்டர் கடக்கும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றலும் பிரேக் போட்டு நிற்கத் தேவைப்படும் தூரமும் நான்கு மடங்காகும். தொண்ணூறில் போகும்போது போனை இரண்டு நொடி குனிந்து பார்ப்பவர், 50 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

இந்தச் சாலையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஏதாவதொரு கிராமத்து முனையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். புல்லுக்கட்டோடு ஒருவர் டி.வி.எஸ். 50-இல் வருகிறார். முறையாகத் திரும்பும் இடம் வெகுதூரம் என்பதால், சாலையோரமாகவே எதிர்த்திசையில் போகிறார். ஒரு பாட்டி தடுப்பின் இடைவெளியில் நின்று, வருகிற காரைப் பார்த்து, ‘தூரத்துலதானே வருது’ என்று கால் வைக்கிறார். அவர் கண் பழகியது ஐம்பதில் வந்த பஸ்ஸுக்கு. ஊரை இரண்டாகப் பிளந்து சாலை போட்டவர்கள், நடந்து கடக்கச் சுரங்கப்பாதையும் மேம்பாலமும் தர வேண்டியது சலுகையல்ல, கடமை.

இரவு இரண்டு மணி முதல் ஐந்து வரை இன்னொரு ஆபத்து. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி. அதை நோக்கிக் கண் அசந்துபோய் வரும் கார். நேரான, தடையில்லாத சாலை தாலாட்டிவிடும். தூக்கத்தை வெல்ல டீயை நம்புவதைவிட, வெளிச்சமான பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது மேல்.

1970-இல் இந்தியா முழுவதும் சாலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 14,500 பேர். 2022-இல் 1,68,491 பேர். வண்டிகள் பல மடங்கு பெருகியது உண்மை. அதற்காக இதை விதி என்று விட்டுவிட முடியாது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், நாளொன்றுக்கு 49 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் பத்தில் ஏழு பேர் அதிவேகத்தால் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தபோது, விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார்.

நல்லதாக மாறியதும் உண்டு. அன்று அடிபட்டுக் கிடந்தவரைத் தொட, போலீஸ் கேஸ் என்று பயந்தார்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலும் இடம்பெற்றது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்க வழிசெய்தது. ஆகவே அடிபட்டவரைக் கண்டால் தயங்காமல் 108-ஐ அழையுங்கள்; முதல் ஒரு மணி நேரத்தில்தான் பல உயிர்கள் மீள்கின்றன.

வீட்டில் யாராவது வண்டியை எடுத்தால் ‘பார்த்துப் போ’ என்று அனுப்புவது நம் வழக்கம். அன்றைய சாலைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய வேகத்தில், பார்த்த பிறகு செய்வதற்கு நேரம் மிஞ்சாது. பார்ப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஆகவே இனி இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்: ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டு, பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போடு, போனை உள்ளே வை, முன்வண்டிக்கு மூன்று நொடி இடைவெளி விடு, மழையில் இன்னும் கூடுதலாக விடு, தூக்கம் வந்தால் நிறுத்து. தாமதமாக வந்தால் யாரும் கோபிக்க மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலர் விரட்டி ஓட்டுவது அந்தக் கோபத்துக்குப் பயந்துதான்.