ஒளியுணர்வூக்கிகளும் புற ஊதாக் கதிரும்: சோரலெனை முன்வைத்துத் தோல் உயிரணுச் சிதைவு குறித்த விளக்கம்

முன்னுரை

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வெண்புள்ளி முதலிய தோல் நோய்களுக்குக் கார்போகரிசி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. எகிப்தில் அம்மி மாஜஸ் என்னும் செடியின் கனிகள் இதே நோய்க்கு வெயிலுடன் இணைத்து வழங்கப்பட்டன. வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த இவ்விரண்டிலும் பொதுவாக அமைந்தவை சோரலென் வகைச் சேர்மங்களாகும். 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மோஃப்தி, அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மெத்தாக்சிசோரலெனை வெண்புள்ளி நோயாளிகளுக்கு அளித்தார். 1974இல் இம்முறை செயற்கைப் புற ஊதா விளக்குகளுடன் சோரியாசிஸ் நோய்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. மருந்தாகும் அதே வினை தோலுக்கு நஞ்சாவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கதிரின் இருவகைச் செயல்

280 முதல் 320 நானோமீட்டர் வரையிலான புற ஊதா 'பி' கதிரை டி.என்.ஏ. நேரடியாக உறிஞ்சுகிறது. அதனால் ஓரிழையில் அடுத்தடுத்துள்ள பிரிமிடின் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இருபடிகளாகின்றன. 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான 'ஏ' கதிரை டி.என்.ஏ. மிகக் குறைவாகவே உறிஞ்சும். எனினும் அக்கதிர் தோலில் ஆழமாக ஊடுருவும். ஒளியுணர்வூக்கி இக்கதிரின் ஆற்றலை ஏற்று உயிரணுவுக்குக் கடத்துகிறது.

சோரலெனின் வினை

தட்டையான சோரலென் மூலக்கூறு டி.என்.ஏ.வின் காரங்களுக்கிடையே நுழைந்து அமர்கிறது. இருளில் இப்பிணைப்பு வலுவற்றது, மீளக்கூடியது. 'ஏ' கதிர் பட்டதும் அது ஓரிழையின் தைமினுடன் வேதிப்பிணைப்பை உண்டாக்குகிறது. மீண்டும் ஓர் ஒளித்துகளை ஏற்குமாயின், எதிரிழையின் தைமினையும் பற்றிக் குறுக்குப் பிணைப்பாகிறது. ஓரிழைச் சிதைவை, பழுதுறாத எதிரிழையை அச்சாகக் கொண்டு உயிரணு செப்பனிடும். குறுக்குப் பிணைப்பிலோ இரண்டிழைகளும் பழுதுற்றமையால் அவ்வழி எளிதில் வாய்ப்பதில்லை. இழைகள் பிரிய இயலாததால் உயிரணுப் பகுப்பும் தடைப்படுகிறது. சோரியாசிஸில் விரைந்து பெருகும் உயிரணுக்களைக் கட்டுப்படுத்துவதும், பிழையாகச் செப்பனிடப்படின் புற்றுக்கு வித்திடுவதும் இவ்வினையே. மெத்தாக்சிசோரலெனும் 'ஏ' கதிரும் இணைந்த சிகிச்சையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் தொகுதியில் வைத்துள்ளது.

போர்பைரின் முதலிய வேறு ஒளியுணர்வூக்கிகள் ஆற்றலை ஆக்சிஜனுக்கு அளித்து, அதனை ஒற்றைநிலை ஆக்சிஜனாக மாற்றுகின்றன. அது உயிரணுச் சவ்வின் கொழுப்புகளையும் புரதங்களையும் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது.

நடைமுறைப் பொருத்தம்

வெயில் எரிவு பொதுவாக ஒரு நாளுக்குள் உச்சமடையும். சோரலென் வினையால் தோன்றும் சிவப்போ 48 முதல் 72 மணி நேரத்திற்குப் பின்னரே உச்சமடைகிறது. ஆகவே, முதல் நாள் தோல் சிவக்கவில்லை எனக் கருதி மறுநாளும் வெயிலில் நிற்பவர், வெளிப்படாத சிதைவின்மேல் மேலும் சிதைவைச் சேர்க்கிறார். சாளரக் கண்ணாடி 'பி' கதிரைப் பெரிதும் தடுத்தாலும் 'ஏ' கதிரின் பெரும்பகுதியை உள்ளே விடும். எனவே வீட்டினுள் இருப்பதும் முழுப் பாதுகாப்பன்று. எலுமிச்சை இனச் சாறு பட்ட கை வெயிலில் கொப்புளிப்பதும் இவ்வகை வினையேயாகும்.

முடிவுரை

சோரலென், கதிர் ஆகிய இரண்டின் அளவும் சேர்ந்தே சிதைவின் அளவை முடிவுசெய்கின்றன. விதையில் சேர்மத்தின் அளவும் வெயிலின் வலிமையும் நிலையானவை அல்ல. ஆதலின், கார்போகரிசி குறித்த ஆய்வுகள் சேர்ம அளவோடு கதிரளவையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அளவறியாமல் வீட்டிலேயே அதனைப் பூசி வெயிலில் நிற்பது தவிர்க்கத்தக்கது.