காத்திருப்பின் விலை

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலைத் தோட்டங்களின் பசுமை மட்டுமே கண்ணில் படும். அந்த மலைச்சரிவுகளில் நாள் முழுவதும் நின்று கொழுந்து பறித்து, நிறைந்த மூட்டையை நிறுவை இடம் வரை சுமந்து செல்லும் தொழிலாளர்களின் உடல் வலி கண்ணில் படுவதில்லை. 'இடுப்பிலிருந்து குதிகால் வரை சுண்டி இழுக்கிறது' என்று சொல்லிக்கொண்டே வேலைக்குச் செல்பவர்கள் உண்டு. 'ஜவ்வு விலகிவிட்டது' என்று ஊரார் கூறும் அந்த வலிக்கு மருத்துவம் இட்ட பெயர் 'சியாட்டிகா'.

சியாட்டிகா என்பது தனி நோயன்று. நரம்பு வேர் நசுங்குவதாலோ உறுத்தப்படுவதாலோ தோன்றும் அறிகுறி. உடலிலேயே மிகத் தடித்த நரம்பு, கீழ்முதுகில் பல வேர்களாகத் தோன்றி, பிட்டம், தொடையின் பின்புறம் வழியாகக் காலில் இறங்குகிறது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டு பிதுங்கி அதன் வேரை அழுத்தும்போது, வலி முதுகைவிடக் காலிலேயே கடுமையாகத் தெரிகிறது. வட்டு பிதுங்குவதே இவ்வலிக்கு முக்கியக் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் நிறுவினர். குனிவதும் திரும்புவதும் சுமப்பதும் இதற்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன.

ஆறுதலான செய்தி, பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வலி வெகுவாகத் தணிந்துவிடுகிறது என்பதே. பிதுங்கிய பகுதியை உடலே மெல்லக் கரைத்துக்கொள்வதுண்டு. படுத்தே கிடப்பதால் பயனில்லை. இயன்ற அளவு நடமாடுவதும், இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளைச் செய்வதுமே நல்லது. வலி நிவாரணிகள் ஓரளவே உதவும். நரம்பு வலிக்குப் பரவலாகத் தரப்படும் பிரிகாபலின், சியாட்டிகாவுக்குப் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. முதுகுத் தண்டையொட்டிப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தற்காலிக நிவாரணம் தரும். வலியே இல்லாத பலரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் வட்டு பிதுங்கியிருப்பது தெரியும் என்பதால், படத்தை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை எப்போது? நெதர்லாந்தில் 283 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. விரைவாக அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது. காத்திருந்தவர்களில் ஐவரில் இருவர் பின்னர் அறுவை சிகிச்சையை நாடினர். எஞ்சியோருக்கு அது தேவைப்படவில்லை. ஓராண்டின் முடிவிலோ இரு பிரிவினரிலும் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் நலமடைந்திருந்தனர். அதாவது, பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை பெற்றுத்தருவது காலத்தைத்தான்.

இங்குதான் மருத்துவக் கேள்வி பொருளாதாரக் கேள்வியாகிறது. மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் உள்ளவருக்கு மூன்று மாதக் காத்திருப்பு பொறுமை சார்ந்தது. நாட்கூலியும், பறிக்கும் கொழுந்தின் எடைக்கேற்ற ஊக்கத்தொகையும் பெறுபவருக்கோ அது அடுப்பெரிவது சார்ந்தது. அதனால் அவர் வலியோடு மூட்டை சுமக்கிறார். ஆறவேண்டிய நரம்பு ஆறாமல் போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைத் தாங்கும். இழந்த கூலியைத் தாங்காது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்திலேயே மருத்துவ வசதியையும் மருத்துவச் சான்றின்பேரில் நோய்க்காலப் படியையும் வலியுறுத்தியது. அச்சட்டத்தை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பின் கீழும் இவை நடைமுறையில் கிடைக்கின்றனவா என்பதை அரசு கண்காணிக்க வேண்டும். ஒருவர் சுமக்கும் எடை அவரது உடல்நலத்தைக் கெடுப்பதாக இருக்கக்கூடாது, பெண்களுக்கு அது ஆண்களைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கவேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை. நிறுவை இடங்களைப் பறிக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுவருவதும், வலி கண்டவருக்குக் கூலி குறையாமல் சில வாரங்கள் இலகுவான பணி தருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தங்கள் அல்ல. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே உள்ளது. அது தோட்டக் குடியிருப்புகளைத் தவறாமல் எட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் வேகமாக வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கவே கூடாது. அது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். நள்ளிரவானாலும் மலையிறங்கியாக வேண்டும். இந்த அறிகுறிகளை ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும்.

சியாட்டிகாவுக்குப் பெரும்பாலும் காலமே மருந்து. அந்தக் காலத்தை உழைப்பவருக்கு அளிப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.