வீட்டுக்குள் வந்த இணையமும் அதற்கொரு பூட்டும்

மும்பைத் தமிழர் வீடுகளில் இன்று லேண்ட்லைன் போன் இல்லாமல் இருக்கலாம். சுவரோரமாகப் பச்சை விளக்குகள் மினுக்கும் அந்தச் சின்னப் பெட்டி இல்லாத வீடு குறைவு. மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும், செம்பூர் சொசைட்டிகளிலும், தாராவியின் பத்துக்குப் பத்து அறைகளிலும் அது வந்துவிட்டது. கடல் கடந்து இருக்கிற பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பது அதன் வழியாகத்தான். பாங்கிக் கணக்கும் பிள்ளைகள் படிப்பும்கூட அதன் வழியாகத்தான்.

பெட்டியைப் பொருத்த வருகிற பையன் கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, "அங்கிள், நெட் ஆ கயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். எங்கள் குடியிருப்பில் பலருக்கும் இந்தப் பெட்டியைச் சரிசெய்து கொடுத்து வருகிறவன் நான். என்னிடம் வருகிற கேள்விகள் எல்லாம் வேகத்தைப் பற்றியவை. "இதற்குப் பூட்டு இருக்கிறதா?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்விக்காக.

வந்த வழி

பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று மும்பை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. அன்று டயல்-அப். நெட் போட்டால் போன் எங்கேஜ்டு ஆகிவிடும்; ஒரு படம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். 2005இல் எம்.டி.என்.எல். 'ட்ரைபேண்ட்' என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2023இல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட் ஆனது.

ட்ரைபேண்ட் வந்ததும் அதே பழைய செம்புக் கம்பியில்தான். நம் பேச்சுக்குப் போன் கம்பியில் சுமார் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை போதும். அதற்கு மேலே, சுமார் 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை சும்மா கிடந்த இடத்தை ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பம் இணையத்துக்கு எடுத்துக்கொண்டது. இரண்டையும் பிரித்துவிடுவதற்குத்தான் 'ஸ்ப்ளிட்டர்' என்ற குட்டி டப்பா. அதை மாட்டாவிட்டால் போனில் இரைச்சல் கேட்கும், நெட்டும் விட்டுவிட்டு வரும். இப்போது பல வீடுகளுக்கு வருவது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி. ஆனால் வீட்டுக்குள் இருக்கிற பெட்டியின் வேலை அடிப்படையில் மாறவில்லை.

ஒரு பெட்டிக்குள் இரண்டு வேலை

பார்க்க ஒரே பெட்டி. உள்ளே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

முதல் ஆள் மோடம். வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவதும், நாம் அனுப்புவதை வெளிக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றுவதும் அவர் வேலை. கண்ணாடி இழை இணைப்பில் இதே வேலையைச் செய்வதை ஓ.என்.டி. என்கிறார்கள்.

இரண்டாவது ஆள் ரவுட்டர். இவர் சால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி. ஒரு சாலில் இருபது குடும்பம் இருந்தாலும் வெளியே முகவரி ஒன்றுதான். தபால் அந்த முகவரிக்கு வரும். எது எந்தக் கோலிக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் பெரியவர். அதுபோல, நிறுவனம் நம் இணைப்புக்குத் தருவது ஒரே ஒரு ஐ.பி. முகவரி. வீட்டுக்குள் இருக்கும் மொபைல், டி.வி., லேப்டாப் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை ரவுட்டரே கொடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்து யார் எதை அனுப்பினாலும், வெளியுலகத்துக்குத் தெரிவது அந்த ஒரே முகவரிதான். அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

2008இல் நம் பேட்டையில் நடந்தது

தட்டியும் இருக்கிறார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீசார் நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு மின்னஞ்சல். அது போனது நம் மாதுங்காவில் உள்ள கல்சா கல்லூரியின் இணைப்பு வழியாக. செப்டம்பர் 13 அன்று தில்லிக் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மின்னஞ்சலுக்குப் பயன்பட்டது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை. மூன்று இடத்திலும் இணைப்புக்கு உரியவர்களுக்குக் குற்றத்தில் சம்பந்தமில்லை. ஆனாலும் விசாரணை, அலைச்சல், ஊர்ப்பேச்சு எல்லாம் அவர்களுக்குத்தான். இதற்குப் பிறகு 2009 ஜனவரியில், பூட்டப்படாத வைஃபை எங்கே இருக்கிறது என்று மும்பை போலீசாரே தேடிப் புறப்பட்டார்கள்.

பூட்டுகிற முறை

வேலை அரை மணி நேரம்தான். ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

1. இடம்: வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவின் பக்கத்திலும் டி.வி.க்குப் பின்னாலும் வேண்டாம். கண்ணாடி இழைக் கம்பியை இறுக்கி மடக்கக் கூடாது. உள்ளே உடைந்தால் வெளியே தெரியாது.

2. உள்ளே நுழைதல்: பெட்டியையும் கணினியையும் லேன் கம்பியால் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளில் எண் வேறாக இருக்கும். அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் பார்க்கலாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும். பல பெட்டிகளில் இரண்டுமே 'அட்மின்'தான்.

3. வெளி இணைப்பு: 'பி.பி.பி.ஓ.இ.' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் போட வேண்டும். எம்.டி.என்.எல். செம்புக் கம்பி என்றால் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 32. 'பிரிட்ஜ்' முறையில் விட்டால் பெட்டி வெறும் மோடமாகத்தான் இருக்கும். கணினியிலிருந்து ஒவ்வொரு தடவையும் டயல் பண்ண வேண்டும். புதிய ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் இதை நிறுவனமே போட்டு அனுப்பிவிடும். நாம் கை வைக்க வேண்டாம்.

4. பெட்டியின் பாஸ்வேர்டு: பலரும் குழம்புவது இங்கேதான். பாஸ்வேர்டு இரண்டு. பெட்டியைத் திறப்பதற்கு ஒன்று, வைஃபையில் சேர்வதற்கு ஒன்று. வைஃபைக்கு மட்டும் மாற்றிவிட்டு 'அட்மின்'னை அப்படியே விடுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்த கதை. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத மோடம்களைத் தேடித்தான் அந்தத் தீநிரல் புகுந்தது.

5. வைஃபை பூட்டு: பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2. பழைய பெட்டிகளில் 'வெப்' என்று ஒன்று இருக்கும். அதன் பலவீனம் 2001லேயே வெளிப்பட்டுவிட்டது, தொடவே வேண்டாம். பாஸ்வேர்டு எட்டு முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். மொபைல் எண், பேரன் பெயர், பிறந்த தேதி கூடாது. சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள்: முருங்கை, தண்டவாளம், சுண்டல், குடை என்பது போல. நமக்கு மறக்காது, ஊகிப்பதும் கஷ்டம். டைரியில் எழுதி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பெட்டி மேலேயே ஒட்டி வைக்காதீர்கள்.

6. மூட வேண்டியவை: 'டபிள்யூ.பி.எஸ்.', 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இரண்டையும் நிறுத்துங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தால் போட்டுவிடுங்கள்.

நெருக்கமான சந்துகளில் பத்து வீட்டு வைஃபை ஒன்றோடொன்று மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிப் போகும், ஆனால் அதில் கூட்டம் அதிகம். 1, 6, 11 ஆகிய சானல்களை மாற்றிப் பாருங்கள். ஒரே அறை வீடு என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. வேகம் அதிகம், சுவருக்கு வெளியே கசிவதும் குறைவு.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க நெட் கேட்டால் எப்படி மறுப்பது என்று கேட்பார்கள். மறுக்க வேண்டாம். பல பெட்டிகளில் 'கெஸ்ட்' வைஃபை என்று தனியாக உண்டு. அதற்கு வேறு பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். கொடுப்பது யாருக்கு என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஊரை விட்டு வந்த நமக்கு இந்த நகரத்தில் பெயர்தான் முதல் சொத்து. மாத பில்லில் நம் பெயர் இருக்கிறது. அந்தப் பெட்டி வழியாகப் போகிற ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு போகிறது. இந்த மலரைப் படித்து முடித்த கையோடு பெட்டியைத் திருப்பி, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அங்கே அச்சடித்திருக்கிற பாஸ்வேர்டே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுங்கள்.