ஊமையான பிக்கப்

அறுபதுகளில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்று கைக்கு வருகிறது. மரம் கெட்டி, கழுத்து நேர். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் மூன்று பிக்கப்புகளில் ஒன்று மட்டும் ஊமை. உற்றுக் கேட்டால் மெலிந்த கீச்சுக்குரல் ஒன்று வருகிறது.

பிக்கப் என்பது மைக் அல்ல. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த ஆறு சிறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி தலைமுடியைவிடச் சற்று மெல்லிய, 0.063 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும். காந்தத்துக்கு மேலே இருக்கும் எஃகுத் தந்தியும் காந்தமாகிவிடுகிறது. அது அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் ஆடி மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட தூண்டல்தான். நைலான் தந்தி கட்டினால் சத்தமே வராது.

கோளாறின் வேர், செய்த விதத்திலேயே இருக்கிறது. ஃபெண்டர் ஆட்கள் கம்பியை நேரடியாகக் காந்தங்களின் மேலேயே சுற்றினார்கள். நடுவில் காப்பு, மெல்லிய லேக்கர் பூச்சு மட்டுமே. வியர்வையும் ஈரமும் இறங்கினால் காந்தம் துருப்பிடிக்கும். துரு உட்புறச் சுற்றை அரித்துவிடும். எட்டாயிரத்தில் ஓரிடம் அறுந்தாலே போதும். அறுந்த இரு முனைகளுக்கும் இடையே கொஞ்சம் மின்தேக்கத்திறன் இருப்பதால் உயர்ந்த ஸ்வரங்கள் மட்டும் தாண்டி வருகின்றன. அதுதான் அந்தக் கீச்சு.

மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நல்ல பிக்கப் 5,500 முதல் 6,500 ஓம் வரை காட்டும். எல்லையற்ற மின்தடை என்றால் அறுந்துவிட்டது. உடனே புதிதாகச் சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். வெளிமுனையில் அறுந்திருந்தால் ஓரிரு சுற்றைப் பிரித்துப் பற்றவைத்தால் போதும். எட்டாயிரத்தில் இரண்டு குறைந்தால் எந்தக் காதுக்கும் தெரியாது. உட்புறம் போயிருந்தால்தான் மறுசுற்று. அப்போதும் கம்பி எந்த வகை என்று பார்க்க வேண்டும். 1964 வரையிலானவை பெரும்பாலும் ஃபார்ம்வார் காப்பிட்டவை, அதன்பின் எனாமல். காப்பின் தடிமன் மாறினால் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கத்திறனும் ஒலியின் கூர்மையும் மாறும். ‘பழசின் மந்திரம்’ என்று கிட்டார்காரர்கள் மயங்குவதில் கணிசமான பங்கு இந்தக் கணக்குதான் என்பது என் கட்சி.

உடலின் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் விரிசல்விட்டு மஞ்சளாகியிருந்தால் விட்டுவிடுங்கள். மறுபூச்சு அடித்தால் விலை பாதியாகும் என்பது சேகரிப்பாளர்களின் வாய்ப்பாடு.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும்முன் இன்னொன்று: வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் படமெடுத்து வையுங்கள். 1376632 என்று பொறித்திருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 32 வாரம். பொட்டென்ஷியோமீட்டர் பிற்பாடு மாற்றப்படாதது என்றால், கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.