குரோன் நோய்க்கு இரண்டு பயாலஜிக் மருந்துகள்: யாருக்கு, எப்போது?

குரோன் நோயில் நோயெதிர்ப்பு செல்கள் சொந்தக் குடலையே ஓயாமல் தாக்குகின்றன. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். புண் உட்படலத்தோடு நிற்பதில்லை, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். அதனால்தான் குடல் சுருங்கி அடைப்பு வருகிறது, சிலருக்குப் பவுத்திரம் உண்டாகிறது.

பயாலஜிக் என்பது உயிருள்ள செல்களில் தயாராகும் புரத மருந்து. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்சிமாப், டி.என்.எஃப். என்ற ஒரே அழற்சிப் புரதத்தைக் குறிவைத்தது. பின்னால் வந்த வேடோலிசுமாப், வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து குடலுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. உஸ்டெகினுமாப், ரிசாங்கிசுமாப் ஆகியவை இன்டர்லூகின் புரதங்களைப் பிடிக்கின்றன. உபாடாசிட்டினிப் மாத்திரை, செல்லுக்குள் போகும் அழற்சிச் சமிக்ஞையை நிறுத்துகிறது. இத்தனை இருந்தும் பலருக்கு நோய் முழுதாக அடங்குவதில்லை. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் அடுத்ததில் பாய்வதுபோல, அழற்சி வேறு வழியில் தொடர்கிறது. இரண்டு வழிகளையும் சேர்த்து அடைத்தால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது.

அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து: முதல் மருந்து உண்மையிலேயே தோற்றதா? ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருக்கலாம்; அளவைக் கூட்டினால் போதும். மருந்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கலாம். வயிற்றுப்போக்குக்குக் காரணம் புதிய கிருமித் தொற்றாக இருக்கலாம். குடல் சுருக்கம் வெறும் தழும்பாக இறுகியிருந்தால் இரண்டு மருந்தும் அதை விரிக்காது. பலூன் சிகிச்சையோ அறுவையோதான் வழி. முதல் மருந்தோடு சேர்க்கப் பழைய துணை மருந்தும் உண்டு: 2010இல் வெளியான சோனிக் ஆய்வில், இன்ஃப்ளிக்சிமாப்பை மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்கு ஸ்டீராய்டு இல்லாமல் நோய் தணிந்தது, நோயெதிர்ப்பைக் குறைக்கும் அசாதியோபிரின் மாத்திரையும் சேர்ந்தபோது 57 சதவீதத்தினருக்கு.

இரண்டு பயாலஜிக் சேர்ப்பதற்கான சான்று இன்னும் சிறியது. எக்ஸ்ப்ளோரர் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட, ஆபத்து அதிகமுள்ள 55 பேருக்கு வேடோலிசுமாப், டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் அடலிமுமாப், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் மூன்றும் தரப்பட்டன. 26 வாரத்தில் 34.5 சதவீதத்தினருக்குக் குடல் புண் ஆறியிருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அவர்கள் பல மருந்துகளில் தோற்றவர்களும் அல்ல. குரோனின் உறவு நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நடந்த வேகா ஆய்வு இன்னும் தெளிவானது: 12 வாரத்தில் டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் கோலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 61 சதவீதத்தினருக்கும், இன்டர்லூகினைத் தடுக்கும் குசெல்குமாப் மட்டும் பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 83 சதவீதத்தினருக்கும் பலன் தெரிந்தது.

மருந்தைக் கூட்டினால் பலனும் கூடும் என்று நம்பிவிட முடியாது. முடக்குவாதத்துக்கு எட்டனர்செப்ட், அனகின்ரா என்ற இரண்டு பயாலஜிக் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது பலன் கூடவில்லை, கடும் தொற்றுதான் கூடியது. எனவே ஜோடியைத் தேர்வதில் கவனம் வேண்டும். வேடோலிசுமாப் பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்வதால் அது பல ஜோடிகளில் ஒன்றாக அமைகிறது. பல மருந்துகள் பலிக்காதவர்கள், ஆறாத பவுத்திரம் உள்ளவர்கள், குடல் அடங்கியும் மூட்டு வலியோ சொரியாசிஸோ அடங்காதவர்கள் ஆகியோருக்கே இந்த முயற்சி நியாயம்.

நம் நாட்டில் காசநோய் தனிக் கவலை. குடல் காசநோயும் குரோனும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். டி.என்.எஃப். தடுப்பு மருந்து, உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடலாம். ஆகவே நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை முதலில் முடிய வேண்டும். தடுப்பூசிகளையும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. சிகிச்சை தொடங்கிய பின் காய்ச்சலோ விடாத இருமலோ வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கும் அவரைக் கேட்ட பிறகே போங்கள்.