வாங்க மாட்டோம் என்றால் கம்பெனி கேட்குமா?

சென்ற மாதம் என் அப்பா தன் பிரிண்டரைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடையில் வாங்கிய விலை குறைந்த கார்ட்ரிட்ஜ் மூன்று மாதம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு நாள் பிரிண்டர் இன்டர்நெட் வழியாகத் தானாகவே ஓர் அப்டேட்டை இறக்கிக் கொண்டது. மறுநாள் முதல் அந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்து, எங்கள் கம்பெனி கார்ட்ரிட்ஜைத்தான் போட வேண்டும் என்று செய்தி காட்டியது. உள்ளே பாதி மை அப்படியே இருந்தது.

"இனிமே இந்தக் கம்பெனி பொருளே வாங்க வேண்டாம்ப்பா" என்றேன்.

"நான் ஒருத்தன் வாங்கலைன்னா அவனுக்கு என்னடா நஷ்டம்?" என்று கேட்டார் அப்பா.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தக் கேள்வி வரும். நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். ஒரு வசதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசும்போது, "இதற்கு எத்தனை பேர் புகார் செய்வார்கள்?" என்ற கேள்வி கட்டாயம் எழும். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றால் அது சேர்க்கப்பட்டுவிடும். எனவே வாடிக்கையாளரின் எதிர்ப்புக்கு மதிப்பு உண்டு. அது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைக் கம்ப்யூட்டர் உலகில் நடந்த சில நிகழ்ச்சிகள் மூலம் பார்க்கலாம்.

ப்ராசசருக்குள் ஒரு நம்பர்

1999 ஜனவரியில் இன்டெல் நிறுவனம், வெளிவர இருந்த தன் பென்டியம் 3 ப்ராசசர் பற்றி ஓர் அறிவிப்பு செய்தது. ஒவ்வொரு ப்ராசசருக்குள்ளும் ஒரு தனி சீரியல் நம்பர் பதிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரில் இயங்கும் சாப்ட்வேர் அதைப் படித்துக் கொள்ளலாம். இன்டர்நெட்டில் பொருள் வாங்கும்போது இது பாதுகாப்பைத் தரும் என்றது இன்டெல்.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். இணைய தளங்கள் நம்மை அடையாளம் காண, நம் கம்ப்யூட்டரில் குக்கி என்னும் சிறிய பைலைப் போட்டு வைக்கின்றன. வேண்டாம் என்றால் அதை அழித்துவிடலாம். ப்ராசசருக்குள் பதிந்த நம்பரை நம்மால் அழிக்கவோ மாற்றவோ முடியாது. தளங்கள் ஒரு சிறு புரோகிராம் மூலம் இந்த நம்பரைப் படித்துத் தங்களுக்குள் பகிர்ந்து கொண்டால், நாம் எங்கெங்கே செல்கிறோம் என்பதற்கு முழு ஜாதகமே தயாராகிவிடும்.

அமெரிக்காவின் எலக்ட்ரானிக் பிரைவசி இன்பர்மேஷன் சென்டர், ஜங்க்பஸ்டர்ஸ் ஆகிய அமைப்புகள், இன்டெல் பொருட்களைப் புறக்கணிக்கும்படி அழைப்பு விடுத்தன. இன்டெல்லின் புகழ்பெற்ற 'இன்டெல் இன்சைட்' முத்திரையை 'பிக் பிரதர் இன்சைட்' என்று மாற்றிப் பரப்பினார்கள். எல்லாரையும் வேவு பார்க்கும் சர்வாதிகாரிக்கு ஆர்வெல் தன் நாவலில் கொடுத்த பெயர் பிக் பிரதர்.

அந்த ஜனவரி முடிவதற்குள் இன்டெல் ஒரு படி இறங்கி வந்தது. நம்பர் வசதி அணைத்த நிலையிலேயே இருக்கும், விரும்பியவர் இயக்கிக் கொள்ளலாம் என்றது. எதிர்த்தவர்கள் இதை ஏற்கவில்லை. பிப்ரவரியில் ஜெர்மனியின் ஒரு கம்ப்யூட்டர் இதழ், அணைத்த நம்பரை சாப்ட்வேர் மூலமாகவே மீண்டும் இயக்கிட முடியும் என்று காட்டியது. இறுதியில், அடுத்த தலைமுறை ப்ராசசரில் இந்த நம்பர் இருக்காது என்ற செய்தி 2000 ஏப்ரலில் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வெளியான பென்டியம் 4 இந்த நம்பர் இல்லாமலே வந்தது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பென்டியம் 3 விற்பனை இதனால் படுத்துவிடவில்லை என்பதுதான். இன்டெல் பயந்தது தன் பெயருக்கு.

பாட்டு சிடியில் ஒளிந்திருந்த சாப்ட்வேர்

அடுத்தது 2005ல் நடந்தது. அன்றைய சோனி பிஎம்ஜி நிறுவனம், பாடல்களைக் காப்பி எடுப்பதைத் தடுக்க, எக்ஸ்.சி.பி. என்ற சாப்ட்வேரைத் தன் சிடிக்கள் சிலவற்றில் சேர்த்திருந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டுப் பாடல் கேட்க முயன்றால், இந்த சாப்ட்வேரும் கம்ப்யூட்டரில் குடியேறிவிடும்.

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ரஷினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், தன் கம்ப்யூட்டரில் இது ரூட்கிட் முறையில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். ரூட்கிட் என்பது விண்டோஸின் கண்ணிலேயே மண்ணைத் தூவித் தன் பைல்களை மறைத்துக் கொள்ளும் வித்தை. ஒரு குறிப்பிட்ட எழுத்துக்களில் பெயர் தொடங்கும் எந்தப் பைலையும் இது மறைத்துவிடும். ஆக, வைரஸ் எழுதுபவரும் அதே எழுத்துக்களில் பெயர் வைத்து ஒளிந்து கொள்ளலாம். விரைவிலேயே அப்படிப்பட்ட வைரஸ்கள் வந்தன. பைல்களை நாமே தேடி அழித்தாலோ, சிடி டிரைவே வேலை செய்யாமல் போகும் ஆபத்து இருந்தது.

நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, பிறகு ஏன் அவர்கள் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் ரேடியோவில் பேசினார். அது எரிகிற தீயில் எண்ணெயாகியது. புறக்கணிப்புக் குரல்கள் எழுந்தன. அமேசான் தளத்தில் அந்த ஆல்பத்தின் பக்கத்திலேயே, இதை வாங்காதீர்கள் என்று எழுதினார்கள். வழக்குகளும் தொடர்ந்தன. பிறகு டெக்சாஸ் மாநில அரசே கோர்ட்டுக்குப் போனது.

நவம்பர் மத்தியில் சோனி பிஎம்ஜி இந்த சிடிக்களைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்கு மாற்று சிடி தருவதாக அறிவித்தது. 52 ஆல்பங்கள், தயாரித்தவை சுமார் 47 லட்சம் சிடிக்கள், அவற்றில் விற்றவை சுமார் 21 லட்சம். விஷயம் வெளியாகி இரண்டே வாரத்தில் இந்த அறிவிப்பு வந்தது.

எப்போது பலிக்கும்?

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பொதுவாக மூன்று விஷயங்கள் இருந்தன. முதலாவது, கோரிக்கை சிறியது, தெளிவானது: அந்த நம்பரை எடு, அந்த சிடியைத் திரும்பப் பெறு. இரண்டாவது, யாரும் சோதித்துப் பார்க்கக் கூடிய ஆதாரம் இருந்தது. மூன்றாவது, வாங்குபவர்களோடு வேறு பலரும் சேர்ந்து கொண்டார்கள். பத்திரிகைகள், வல்லுநர்கள், வழக்கறிஞர்கள், அரசு என்று பல பக்கத்திலிருந்து நெருக்கடி வந்தது.

இவை இருந்தாலும் முழு வெற்றி கிடைக்காமல் போகலாம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது, பெருங்கூட்டம் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் கிளம்பியது. பிப்ரவரி 8 என்று வைத்திருந்த கெடுவை நிறுவனம் மே 15க்குத் தள்ளியது. ஆனால் கொள்கையைக் கைவிடவில்லை. நம் உறவினரும் நண்பரும் அங்கேயே இருக்கும்போது நாம் மட்டும் எங்கே போவது? விட்டு விலகினால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வாங்காமல் விடுவதோடு நிறுத்தாதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதை நிறுவனத்திற்கு எழுதுங்கள். மௌனமாக விலகுபவர் கணக்கில் வருவதில்லை.

2. விற்பனைத் தளத்தின் விமர்சனப் பகுதியில் மாடல் பெயர், தேதி, திரையில் வந்த செய்தி ஆகியவற்றுடன் நடந்ததை மட்டும் எழுதுங்கள். திட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

3. பிறர் அனுப்பிய செய்தியை மட்டும் நம்பி ஒரு நிறுவனத்தைப் புறக்கணிக்காதீர்கள். உண்மைதானா என்று முதலில் பார்த்திடுங்கள்.

4. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் அவர் அதை டீலரிடம் கேட்பார்.

நான்காவது யோசனை அப்பாவிடம் கற்றது. மேஜைக்கு அடியில் இருந்த பிரிண்டரை எடுத்துக் கொண்டு, வாங்கிய கடைக்கே போனார். கடைக்காரரால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய மெயிலுக்கு இன்று வரை சரியான பதிலும் இல்லை. வேறு கம்பெனியின் இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்தார் அப்பா. இதில் பாட்டிலில் இருந்து மையை நாமே ஊற்றிக் கொள்ளலாம்.

போன வாரம் பேப்பர் வாங்க அதே கடைக்குப் போனேன். ஒருவர் பிரிண்டர் பார்த்துக் கொண்டிருந்தார். "சார், இதுல வேற கார்ட்ரிட்ஜ் போட்டா எடுக்காது, தெரிஞ்சே வாங்குங்க" என்று கடைக்காரர் அவரிடம் சொன்னார். அவர் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு பேர் ஆச்சு" என்றார்.