கட்டணமில்லா உயர்நிலைப் பள்ளி: சாத்தாராவின் முன்னோடி முயற்சி

நம் நாட்டுச் சிறு நகரங்களின் உயர்நிலைப் பள்ளி வரலாறு பெருமளவிற்குக் கட்டணத்தின் வரலாறே ஆகும். 1854ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவி மானியம் கிடைக்க வழிவகுத்தது. ஆனால் மானியம் பெறும் பள்ளி, சிறு தொகையாயினும், மாணவரிடம் கட்டணம் பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் கல்வியை மக்கள் மதியார் என்பது அன்றைய ஆட்சியாளரின் துணிபு. 1882இல் ஹண்டர் குழுவின் முன் ஜோதிராவ் புலே இதன் மறுபக்கத்தை எடுத்துரைத்தார். அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பிலிருந்து வருகிறது. கல்விக்கான செலவின் பயனோ மேல்தட்டினரையே சென்றடைகிறது என்பது அவரது வாதம்.

புலே தோற்றுவித்த சத்தியசோதக இயக்கத்தின் வழிவந்தவர் பாவுராவ் பாட்டீல் (1887–1959). அவர் 1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், சாத்தாரா மாவட்டத்தின் காலே என்ற சிற்றூரில் ‘ரயத் சிக்ஷண் சன்ஸ்தா’வைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவர். ரயத்துவாரி முறையை அறிந்தோர்க்கு இச்சொல் புதிதன்று. 1924இல் சாத்தாரா நகரில் அமைந்த விடுதியில் பல சாதி, சமயப் பிள்ளைகளும் ஒருங்கே தங்கி உண்டனர். அக்காலச் சூழலில் இது எளிய செயலன்று. பிள்ளைகளின் உணவிற்காகப் பாட்டீலின் துணைவியார் லட்சுமிபாய் தம் நகைகளையும் விற்றார். 1927இல் காந்தியடிகள் இவ்விடுதிக்கு வருகை தந்து, அதற்குக் கோலாப்பூர் மன்னர் சாகுவின் பெயரைச் சூட்டினார்.

தொடக்கக் கல்வியைப் பரோடா அரசு 1906லேயே இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியிருந்தது. கோலாப்பூரும் 1917இல் அவ்வழியை மேற்கொண்டது. உயர்நிலைக் கல்வியின் சிக்கல் வேறு. பள்ளி நகரத்தில் இருந்தது. மாணவன் கிராமத்தில் இருந்தான். கட்டணம் ஒரு செலவு. நகரில் தங்கி உண்பது அதனினும் பெரிய செலவு. பதினான்கு வயதுப் பையன் வயலைவிட்டு அகன்றால் குடும்பம் இழக்கும் உழைப்பு மூன்றாவது செலவு. பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். கட்டணத்தை மட்டும் நீக்குவது இம்மூன்றில் ஒன்றையே நீக்குவதாகும். திட்டமிடுவோர் அடிக்கடி மறந்துவிடும் கணக்கு இது.

1940இல் சாத்தாராவில் நிறுவப்பெற்ற மகாராஜா சயாஜிராவ் இலவச உறைவிட உயர்நிலைப் பள்ளி இம்மூன்றையும் ஒருசேர எதிர்கொண்டது. கட்டணம் இல்லை, தங்கிப் பயில இடம் உண்டு. செலவை ஈடுகட்ட மாணவர் வேளாண்மை முதலிய பணிகளில் ஈடுபட்டனர். ‘உழைத்துப் பொருளீட்டிக் கற்றல்’ எனப் பெயர்பெற்ற இத்திட்டம் பின்னர்க் கல்லூரிகளுக்கும் பரவியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உழைக்காமல் பெறும் கல்வியை ஏழைப் பிள்ளை உழைத்துப் பெறுவது முறையா என்ற வினா எழுவது இயல்பே. பாட்டீலோ உழைப்பைக் கல்வியின் பகுதியாகவே கருதினார். தற்சார்புக் கல்வி என்பதே நிறுவனத்தின் குறிக்கோள் வாசகம். எனினும், பொதுநிதி செய்ய வேண்டிய பணியை மாணவரின் கைகள் செய்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

அப்பொறுப்பைப் பொதுநிதி ஏற்பது மெல்லவே நிகழ்ந்தது. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, கீழ்நிலை உயர்நிலை வகுப்புகளிலும் பயிற்றுக் கட்டணத்தை நீக்கப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதிற்குட்பட்டோருக்கு, எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கே உறுதியளிக்கிறது. உயர்நிலைக் கல்வியோ ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. விடுதியைப் பொறுத்தவரை, 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பெண்கள் உறைவிடப் பள்ளிகளும் முதலில் எட்டாம் வகுப்புடன் நின்றன. அவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்த 2018இல் வந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இடமளிக்கப்பட்டது.